தெளிந்த நீரில் தங்கும் கிருமி

வாந்திபேதி ஓய்ந்துவிட்டது என்று ஊர் நிம்மதியடையும் நாளில் கிருமி எங்கே போகிறது? ஏரிப் பாசியிலும் சேற்றிலும் குழாயின் உட்சுவரிலும் அது பிழைத்துக் கிடக்கும் வழிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்துவிட்டன. தண்ணீரைக் கையாளும் நம் வழக்கம்தான் இன்னும் மாறவில்லை.

கீழ்பென்னாத்தூரில் மழை ஓய்ந்த ஒரு மார்கழிக் காலை. தெருக்குழாயின் வாயில் பழைய நூல் சேலைக் கிழிசலை மடித்துக் கட்டியிருக்கிறார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டதும் குழாய் முதலில் காற்றைத் துப்புகிறது. பிறகு கொஞ்சம் செந்நிற நீர். அப்புறம்தான் தெளிந்த தண்ணீர். பிளாஸ்டிக் குடங்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன.

கடைசிக் குடமும் நிறைந்த பிறகு துணியை அவிழ்த்து விரித்தால், நடுவில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குப் பச்சையும் பழுப்புமாக வழுவழுப்பு படிந்திருக்கிறது. நாலைந்து மணல் துகள், ஒரு பாசி இழை. உற்றுப் பார்த்தால் நூல் போன்ற சிவப்புப் புழு ஒன்று நெளிகிறது. துணியை உதறி, அதே குழாயில் அலசி, ஈரத்தோடு மறுபடியும் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

“தண்ணி சுத்தமாத்தானே இருக்கு” என்பது தமிழகத்தின் எல்லாத் தெருவிலும் கேட்கும் பேச்சு. குடத்து நீர் தெளிவுதான், சந்தேகமில்லை. ஆனால் துணியில் படிந்த அந்த வழுவழுப்பைத்தான் நுண்ணுயிரியலாளர்கள் நாற்பது ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நீர்வழி நோய்க்கிருமிகள் பருவத்துக்கு வந்து போகும் விருந்தாளிகள் அல்ல. அவற்றில் பல தண்ணீரிலேயே குடியிருப்பவை. மீதியும் நாம் நினைப்பதைவிட நீண்ட நாள் அங்கே தாக்குப்பிடிப்பவை.

கொல்கத்தா குளமும் சென்னைக் காலராவும்

ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் 1884-ல் கொல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். குடிக்க, குளிக்க, துவைக்க என எல்லாவற்றுக்கும் மக்கள் பயன்படுத்திய ஒரு குளத்திலும் அதே காற்புள்ளி வடிவக் கிருமி அவருக்குக் கிடைத்தது. 1959-ல் அதே கொல்கத்தாவில் சம்பு நாத் டே, அந்தக் கிருமி சுரக்கும் நச்சுதான் உடம்பின் நீரை வெளியேற்றுகிறது என்று நிறுவினார். ஆனாலும் பாடப்புத்தகம் நெடுங்காலம் ஒன்றையே சொன்னது: கிருமியின் வீடு மனிதக் குடல்; தண்ணீர் வெறும் வழி; வெளியே வந்தால் சில நாட்களில் செத்துவிடும்.

இந்த எண்ணத்தை 1982-ல் அசைத்தவர் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா கால்வெல். குளிரும் பட்டினியும் வாட்டும்போது காலராக் கிருமி சுருங்கி, பெருகுவதை நிறுத்திக்கொள்கிறது. ஆய்வகத் தட்டில் ஊட்டம் கொடுத்தாலும் வளராது. தட்டை மட்டும் நம்புகிறவர் ‘கிருமி இல்லை’ என்று எழுதிவிடுவார். ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அது உயிரோடு கிடக்கும். கிழங்கை விட்டுவிட்டுத் தலையை மட்டும் பிடுங்கிய கோரைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. பின்னாளில் இந்த உறக்க நிலைக் கிருமியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, குடலைக் கடந்ததும் அது மறுபடியும் வளரத் தொடங்கியது. வங்கதேசக் கழிமுக நீரைக் கொண்டு செய்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய கிருமிகள் 495 நாட்களுக்குப் பிறகும் உயிர்ப்போடு இருந்தன.

நமக்கு நெருக்கமான கதை 1992-ல் நடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையில் காலரா பரவியது. அதுவரை காலராக் கொள்ளைநோய் என்றாலே ஓ1 என்ற ஒரே வகைதான். சென்னை நோயாளிகளிடம் கிடைத்தது அதுவல்ல. உலகம் அறிந்திராத அந்தப் புதிய வகைக்கு ஓ139 என்று பெயரிட்டார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகமும் அதைப் பதிவு செய்தது. சில மாதங்களுக்குள் வங்கதேசம் வரை பரவிவிட்டது. முன்பு காலரா வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

புதிய வகை எப்படிப் பிறந்தது? இருநூறுக்கும் மேற்பட்ட காலரா வகைகள் நீரில் வாழ்கின்றன. இறால், நண்டு, நீர்ப்பூச்சிகளின் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. அந்த ஓட்டில் ஒட்டி வாழும்போது காலராக் கிருமி பக்கத்துக் கிருமியின் மரபணுத் துண்டை இழுத்துக்கொள்ளும் திறன் பெறுகிறது என்று 2005-ல் தெரியவந்தது. 2007-ல் கைட்டின் பரப்பில் வைத்தே ஓ1 வகையை ஓ139 வகையாக மாற்றிக் காட்டினார்கள். மரபணுக் கைமாற்றம் நடக்கும் சந்தை தண்ணீரிலேயே இருக்கிறது.

எங்கே ஒளிகிறது, எதைத் தின்கிறது?

முதல் மறைவிடம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் நுண்ணிய ஓட்டுயிரிகள். ஏரி, கிணற்று நீரில் வாழும் ‘சைக்ளோப்ஸ்’ இந்த இனம்தான். நரம்புச் சிலந்தி நோயின் புழுவைச் சுமந்து மனித வயிற்றுக்குள் சேர்த்ததும் இதுவே. துணியில் வடிகட்டிய நீர், சீரமைத்த கிணறு என்ற எளிய வழிகளால் இந்தியா அந்த நோயை ஒழித்தது. கடைசி நோயாளி பதிவானது 1996-ல். உலக சுகாதார நிறுவனத்தின் சான்று வந்தது 2000-ல். அதே இன ஓட்டுயிரிகளின் உடம்பில்தான் காலராக் கிருமி படை படையாக ஒட்டியிருக்கிறது. ஒரே ஒரு உயிரியின் மேல் பத்தாயிரம் வரை இருக்கலாம். ஓடே அதற்கு உணவும் ஆகிறது. கொசுவைப் போலிருந்தும் கடிக்காத ஒரு வகைப் பூச்சியின் முட்டைத் திரளிலும் இந்தக் கிருமியை இஸ்ரேல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் தண்ணீர்த் தொட்டியில் நெளியும் சிவப்புப் புழு அந்தப் பூச்சி இனத்தின் இளம்பருவம்.

இரண்டாவது மறைவிடம் வழுவழுப்புப் படலம். கல், குழாய், தொட்டிச் சுவர், ஆகாயத்தாமரை வேர் என எதில் ஒட்டினாலும் கிருமிகள் தங்களைச் சுற்றிப் பிசின் சுரந்து கூட்டாக வாழ்கின்றன. வெளியே மிதக்கும் கிருமியைக் கொல்லும் குளோரின், படலத்துக்குள் ஊடுருவுவதற்குள் வலுவிழந்துவிடுகிறது.

மூன்றாவது, அடிச்சேறு. மேல் நீரில் சூரியனின் புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்கிறது. நுண்ணுயிர் தின்னும் உயிரிகளும் திரிகின்றன. சேற்றில் வெயில் இல்லை, உணவு உண்டு. மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை, மேல் நீரில் இருப்பதைவிட அடிச்சேற்றில் அதிக நாள் தங்குகிறது. எருமை இறங்கினாலும் மழைவெள்ளம் பாய்ந்தாலும் சேறு கலங்கி எல்லாம் மேலே வந்துவிடும்.

நான்காவது, அமீபா. கிருமியை விழுங்கிச் செரிக்க வேண்டிய அமீபாவுக்குள்ளேயே சில கிருமிகள் செரிக்காமல் தங்கிக்கொள்கின்றன. 1976-ல் பிலடெல்பியா விடுதி மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய லெஜியோனெல்லா இப்படி வாழ்வதில் கைதேர்ந்தது.

[பெட்டி] எது, எங்கே, எவ்வளவு நாள்?

• காலரா: கழிமுகத்து உவர்நீர் இதன் இயல்பான இருப்பிடம். நன்னீரிலும் பாசியோடும் ஓட்டுயிரியோடும் தங்கும். அமிலமும் உலர்ச்சியும் ஆகாது.

• டைபாய்டு: மனிதனைத் தவிர வேறு உயிரில் வாழாது. நீரில் நாட்கணக்கிலிருந்து வாரக்கணக்கு வரை தாங்கும். சிலருடைய பித்தப்பையில் ஆண்டுக்கணக்கில் தங்கி, அறிகுறியே இல்லாமல் வெளியேறும்.

• ஈ.கோலை: மனித, விலங்குக் குடல்களில் வாழ்வது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் சேற்றிலும் நிரந்தரமாகவே குடியேறிவிடுவதுண்டு.

• எலிக்காய்ச்சல்: எலி, மாட்டின் சிறுநீர் வழியே ஈர மண்ணுக்கும் வயல்நீருக்கும் வரும். காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் உள்ளே நுழையும்.

• மெலியாய்டோசிஸ்: நெல் வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி. சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம். தாய்லாந்து ஆய்வகம் ஒன்றில் வெறும் காய்ச்சி வடித்த நீரில், உணவே இல்லாமல் 16 ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

கீழ்பென்னாத்தூருக்கு இதில் என்ன?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் ஏரிப்பாசன வட்டாரம். ஏரி நிரம்பிக் கோடி போனால் ஊருக்கே சந்தோஷம். குடிநீர் நேரடியாக ஏரியிலிருந்து வராவிட்டாலும், ஏரிக்கும் கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் நிலத்தடியில் உறவு இருக்கிறது. இது கடினப் பாறைப் பூமி. மணல் பூமியில் நீர் மெல்லக் கசிந்து வடிகட்டப்படும். பாறை வெடிப்பு வழியே ஓடும் நீருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதனால்தான் கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்கிறார்கள். மூன்று சென்ட் மனைகளில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது?

ஆண்டில் இரண்டு காலம் இங்கே கவனிக்க வேண்டியவை. ஒன்று கோடை. ஏரி குட்டையாகச் சுருங்கி, இருக்கும் அழுக்கெல்லாம் கொஞ்ச நீரில் செறிகிறது. மாடும் மனிதரும் அதே நீருக்கு வருகிறார்கள். இன்னொன்று, கோடைக்குப் பின் வரும் முதல் பெருமழை. மாதக்கணக்கில் தரையில் சேர்ந்த மலம், குப்பை, சாக்கடை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் நீர்நிலைக்கு வாரிக்கொண்டு வருகிறது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1-ல் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தனர். சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரையெங்கும் வெள்ளம். அப்படிப்பட்ட நாட்களில் கிணறு, சாக்கடை, குளம் என்ற பிரிவெல்லாம் இருக்காது. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்று நீர் தெளிந்துவிடும். கிருமி சேற்றோடு அடியில் தங்கிவிடும்.

ஆனால் ஏரியைவிடப் பெரிய அபாயம் தெருவுக்கு அடியில் இருக்கிறது. நோயாளியின் உடம்பிலிருந்து அப்போதுதான் வெளியேறிய காலராக் கிருமி, ஆய்வகத்தில் வளர்த்த கிருமியைவிட 700 மடங்கு வரை வீரியமாகத் தொற்றுகிறது என்று எலிக்குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. இந்த வீரியம் சில மணி நேரமே நீடிக்கும். ஆகவே கழிவுக்கும் குடத்துக்கும் இடையிலான வழி குறுகக் குறுக ஆபத்து கூடுகிறது. சாக்கடைக்குள் ஓடும் விரிசல் விட்ட குடிநீர்க் குழாயைவிடக் குறுகிய வழி வேறில்லை. தண்ணீர் நாள் முழுக்க வராததால் குழாய் பெரும்பாலான நேரம் வெறுமையாகக் கிடக்கிறது. தண்ணீர் நின்றதும் உள்ளே உறிஞ்சு விசை உண்டாகி, விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே வருகிறது. வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். ஒரு வீட்டுக்காரர் இரண்டு குடம் கூடுதலாகப் பிடிக்கிறார். தெரு முழுவதுக்கும் சாக்கடையைச் சேர்த்து இழுத்துவிடுகிறார்.

இன்னொன்று, கூட்டம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்துக்கு அதைவிடப் பன்மடங்கு. சென்னை, புதுச்சேரிப் பக்கத்துக் கூட்டத்தில் பெரும்பகுதி கீழ்பென்னாத்தூரைத் தாண்டித்தான் போகிறது. காலராக் கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. ஆனாலும் சில நாட்கள் வரை கிருமியை வெளியேற்றுவார்கள். 1867 ஹரித்வார் கும்பமேளாவிலிருந்து வீடு திரும்பியவர்கள் வட இந்தியாவெங்கும் காலராவைக் கொண்டுபோனது வரலாறு. நாட்டுக்கே முன்னோடியான 1939-ம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்தார்கள். காரணம் இல்லாமல் வைக்கவில்லை.

காரைக்காலும் ஹைதியும்

காலரா பழைய கதை என்று நினைப்பவர்கள் காரைக்காலைப் பார்க்கலாம். 2022 ஜூலை தொடக்கத்தில் அங்கே நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். பரிசோதனையில் காலரா உறுதியானது. பொதுச் சுகாதார அவசர நிலை அறிவித்து, பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று பேசப்பட்டது.

ஹைதி நாட்டின் பாடம் வேறு. 2010-ல் வந்த காலரா அங்கே ஏறக்குறைய 10,000 பேரைக் கொன்றது. 2019 பிப்ரவரிக்குப் பிறகு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் உறுதியான நோயாளி ஒருவர்கூட இல்லை. 2022 அக்டோபரில் காலரா திரும்பியது. மரபணுவைப் பார்த்தால், 2010-ல் வந்த அதே கிருமியின் வாரிசு. மனிதரிடையே கண்ணில் படாமல் சுற்றியதா, நீர்நிலையில் தங்கி வந்ததா என்ற வாதம் இன்னும் தொடர்கிறது.

மறுதரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆப்பிரிக்கக் காலராவின் மரபணுக்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு, அங்கே கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் ஆசியாவிலிருந்து மனிதர்கள் வழியாகவே வந்திருக்கிறது என்றது. உள்ளூர் நீர்நிலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கிருமி ஏரியில் தங்குவது இயற்கை. அது ஊரில் பரவுவது நம் குழாயாலும் கழிவறையாலும்.

டைபாய்டு இதற்குச் சான்று. 2017 முதல் 2020 வரை நடந்த தேசிய ஆய்வில் டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகரக் குழந்தைகளிடம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 576 முதல் 1,173 வரை டைபாய்டு காணப்பட்டது. புனே அருகே ஒரு கிராமப் பகுதியில் வெறும் 35. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் தலைகாட்டிய டைபாய்டு வகை, ஏறக்குறைய எல்லா வழக்கமான மருந்துகளுக்கும் அடங்கவில்லை. அந்தத் திறனை அது ஈ.கோலை போன்ற கிருமியிடமிருந்து வாங்கியிருந்தது. சாக்கடை கலக்கும் ஒவ்வொரு குட்டையும் இப்படி ஒரு கைமாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது.

[பெட்டி] சேலையின் கணக்கு

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் கால்வெல் குழு ஒரு சோதனை நடத்தியது. முடிவு 2003-ல் வெளியானது. துவைத்துத் துவைத்து நைந்த நூல் சேலையை நான்காக மடித்தால் கண்ணிகள் சுமார் 20 மைக்ரான் அளவுக்குக் குறுகுகின்றன. தனியாக மிதக்கும் கிருமி அதில் தப்பிவிடும். ஆனால் கிருமியைச் சுமக்கும் ஓட்டுயிரிகள் சிக்கிக்கொள்ளும். காலரா 48 சதவீதம் குறைந்தது. நிபந்தனை ஒன்று: துணியை ஒவ்வொரு முறையும் நன்றாக அலசி வெயிலில் காயப்போட வேண்டும். காலராக் கிருமி உலர்ச்சியைத் தாங்காது. ஈரத்தோடு குழாயிலேயே கட்டிக் கிடக்கும் துணி, கிருமிக்குக் குடியிருப்பாகிவிடும். பாலியஸ்டர் சேலை உதவாது.

சோதனை ‘நன்று’ என்றால் போதுமா?

இந்திய தர நிர்ணயப்படி 100 மில்லி குடிநீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. எச்ச குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1982-ல் உருவாக்கப்பட்ட எளிய குப்பிச் சோதனை இன்று கிராமங்கள் வரை வந்திருக்கிறது. நீரை ஊற்றி வைத்தால், மலக் கலப்பு இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும்.

கறுத்தால் ஆபத்து நிச்சயம். கறுக்காவிட்டால் பாதுகாப்பு நிச்சயமா? அப்படிச் சொல்ல முடியாது. உறக்க நிலைக் கிருமி இந்தக் குப்பியில் தெரியாது. மாதம் ஒரு முறை எடுத்த மாதிரி, மறுநாள் உடையும் குழாயைக் காட்டாது. அதனால்தான் சோதனைச் சான்றிதழைவிட அன்றாடக் குளோரின் அளவு முக்கியம். குளோரின் மிச்சம் இருக்கிறது என்றால், வழியில் புதிதாக நுழையும் கிருமியைச் சந்திக்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

தொட்டியில் ஆரம்பிக்க வேண்டும்

ஊராட்சிகளின் மேல்நிலைத் தொட்டிகளை மாதம் இரு முறை, 5 மற்றும் 20-ம் தேதிகளில் கழுவ வேண்டும் என்பது நடைமுறை. கழுவிய நாளைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். கழுவுவது என்றால் நீரை வடித்துவிடுவது அல்ல. சுவரின் வழுவழுப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். அடி வண்டலை அள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும் குளோரினை அழுக்கே தின்றுவிடும்.

வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம். தரமான பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டையில் வெயிலும் ஈரமும் பட்டுக் கிடந்தால் அந்த வலு போய்விடும். வெள்ளைப் பொடி மட்டும் மிஞ்சும். கலந்தபின் அரை மணி நேரமாவது கழித்துத்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும். ஊரில் நாலு பேருக்குப் பேதி வந்ததும் சாக்கடையோரம் பவுடரைக் கோலமாகத் தூவுவது பார்வைக்கு நன்றாக இருக்கும். குடத்து நீருக்கு அதனால் பயனில்லை.

[பெட்டி] வீட்டில் செய்ய வேண்டியவை

• குழாயில் முதலில் வரும் கலங்கல் நீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள்.

• முதலில் வடிகட்டுங்கள், பிறகு கொதிக்க வையுங்கள். நீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும்.

• குடத்தை மூடி வையுங்கள். கையை விடாமல் பிடிவைத்த கரண்டியால் மொள்ளுங்கள்.

• செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் காலரா, டைபாய்டு கிருமிகள் வளரவில்லை என்று பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. நல்ல பழக்கம்தான். ஆனால் குளோரினுக்கு மாற்று அல்ல.

• பேதி வந்தால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கடுமையான காலராவுக்கு வைத்தியம் செய்யாவிட்டால் பாதிப்பேர் வரை இறக்கலாம். நேரத்தோடு நீரேற்றினால் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. சந்தேகத்துக்கு 104-ஐ அழையுங்கள்.

தெருவின் கடைசி வீடு

ஏரியிலிருந்து கிருமியை முழுக்க விரட்ட யாராலும் முடியாது. அது தேவையும் இல்லை. கழிவுநீர் வண்டி ஏரியில் கொட்டாமல் தடுப்பது, சாக்கடைக்குள் போகும் குழாயை மாற்றுவது, மோட்டார் உறிஞ்சலை நிறுத்துவது, குளோரினை நாள் தவறாமல் அளப்பது: இவை நான்கும் நடந்தாலே கிருமி ஏரியோடு நின்றுவிடும்.

அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் கருவி கைக்கடக்கமானது. குழாய் நீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். அந்த மஞ்சள்தான் கணக்கு. தொட்டிக்கு அடியில் உள்ள குழாயில் எடுத்தால் எப்போதும் நன்றாகவே காட்டும். அடுத்த கிராமசபையிலோ பேரூராட்சி அலுவலகத்திலோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் இன்று குளோரின் 0.2 இருக்கிறதா? பதில் கிடைக்கும் வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.